இந்தியாவில் இல்லை எனப்பட்ட நோய்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் ‘பரம்பரை’ என்ற சொல்லும்

‘பரம்பரை நோய்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மனத்தில் எழுவது ஒரு நேர்கோடு. பாட்டனுக்கு இருந்தது, தந்தைக்கு வந்தது, மகனுக்கும் வரும். சர்க்கரை நோயையும் மாரடைப்பையும் இந்தக் கோட்டில் வைத்தே குடும்பங்கள் பேசுகின்றன. ஆனால் மரபியல் ‘பரம்பரை நோய்’ என வகுத்துள்ளவற்றுள் பல இந்தக் கோட்டில் நிற்பதில்லை. பெற்றோர் இருவரும் நலமாக இருப்பர். பாட்டன் பாட்டியர் நால்வரும் நலமாக இருந்திருப்பர். அறிந்த உறவுகளில் எவருக்கும் அந்த நோய் வந்ததாகப் பேச்சே இராது. ஆயினும் குழந்தை அந்த நோயுடன் பிறக்கும். “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இது இல்லையே” என்று பெற்றோர் சொல்வது உண்மை. அந்தக் குழந்தையின் நோய் பரம்பரையாக வந்தது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளும் முரண்படாமல் நிற்கும் இடத்தை மருத்துவம் கண்டடைந்த வரலாறுகளுள் ஒன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் வரலாறு. அந்த வரலாற்றுக்கு இந்தியாவில் கூடுதலாக ஓர் அத்தியாயம் உண்டு. நோய் எப்படி வருகிறது என்பதை அறிவதற்கு முன், நோய் இங்கே இருக்கிறது என்பதையே இங்கு நிறுவ வேண்டியிருந்தது.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். நுரையீரல், கணையம், குடல், வியர்வைச் சுரப்பி, ஆணின் விந்துநாளம் ஆகியவற்றின் உட்பரப்பில் உப்பும் நீரும் கடந்து செல்ல வேண்டிய வழி பழுதுபட்டிருக்கும். அதனால் சளி நீரிழந்து பசைபோல் இறுகும். நுரையீரலில் தேங்கும் சளியில் கிருமிகள் குடியேறும். மூச்சுக்குழல்கள் சிதைந்து விரியும். கணையத்தின் செரிமான நொதிகள் குடலை அடையாததால் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறும். குழந்தை எவ்வளவு உண்டாலும் தேறாது. வியர்வையில் மட்டும் உப்பு மிகுந்து வெளியேறும். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நீண்ட நாள் வாழாது என்ற நம்பிக்கை ஐரோப்பிய நாட்டுப்புற வழக்கில் நெடுங்காலம் இருந்தது. அந்த வழக்கை அறிவியல் எட்டிப்பிடிக்க 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

1938இல் நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் வல்லுநர் டோரதி ஆண்டர்சன் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்தார். 1936இலேயே சுவிட்சர்லாந்தின் குய்டோ ஃபன்கோனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தனர். ஆனால் நாற்பத்தொன்பது குழந்தைகளின் உடற்கூறு விவரங்களைத் திரட்டி, சீலியாக் நோய் எனப் பெயரிட்டு ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து இவர்களைப் பிரித்தெடுத்தது ஆண்டர்சனின் பணி. கணையத்தில் நாரிழைகளும் நீர்க்கட்டிகளும் காணப்பட்டதால் நோய் அந்தப் பெயரைப் பெற்றது. இங்கு நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த முதற்கட்டத்தில் இது பரம்பரை நோய் என்பது தெளிவாகவில்லை. இறந்த குழந்தைகளின் உடலில் வைட்டமின் ஏ குறைபாட்டின் தடயங்கள் இருந்ததால், ஊட்டக்குறைவுக்கு இதில் பங்குண்டோ என்ற எண்ணம் எழுந்தது. விளைவு காரணமாகத் தோற்றமளித்தது. கொழுப்பு செரிக்காததால் வைட்டமின் ஏ உடலில் சேரவில்லை என்பதே உண்மை நிலை.

ஊட்டக்குறைவிலிருந்து மரபுக்கு விளக்கம் நகர்ந்தது குடும்பங்களை எண்ணிப் பார்த்ததால்தான். 1946இல் ஆண்டர்சனும் ஹாட்ஜஸும் நோயுற்ற குழந்தைகளின் உடன்பிறந்தோரைக் கணக்கிட்டனர். ஒரே வீட்டில் ஒரே உணவு உண்ட பிள்ளைகளுள் சிலருக்கு மட்டும் நோய், பெற்றோருக்கு இல்லை, ஆண், பெண் வேறுபாடும் இல்லை. உடன்பிறந்தோரிடையே நோயின் விகிதம் நான்கில் ஒன்றை ஒட்டி நின்றது. பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட ஒடுங்கு பண்பின் விகிதம் அது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். அத்தகையவர் நோயற்றவர், நோய்க்கூற்றைச் சுமப்பவர் மட்டுமே. சுமப்பவர் இருவர் இணையும்போது ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரைப் போலச் சுமப்பவராக இருக்க நான்கில் இரண்டு. இரண்டுமே நல்ல படிகளாக அமைய நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டுகள் புதிதாகக் கலைக்கப்படுகின்றன.

அடுத்த திருப்பத்தை ஏற்படுத்தியது வெயில். 1948 கோடையில் நியூயார்க் நகரை வெப்ப அலை தாக்கியபோது நீரிழந்து மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தனர். வெயில் எல்லாருக்கும் பொது; இவர்கள் மட்டும் ஏன் முதலில் வீழ்கிறார்கள் என்ற வினாவைப் பால் டி சான்ட்’ஆக்னீஸ் தொடர்ந்தார். அவர்களின் வியர்வையில் சோடியமும் குளோரைடும் மிக அதிகம் என்பதை 1953இல் அவருடைய குழு வெளியிட்டது. 1959இல் கிப்சனும் குக்கும் பைலோகார்பின் என்ற மருந்தை மெல்லிய மின்னோட்டத்தின் வழியே தோலுக்குள் செலுத்தி வியர்வையைத் தூண்டிச் சேகரிக்கும் முறையை வகுத்தனர். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ளும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. இறந்தபின் கணையத்தை அறுத்துக் கண்ட நோயை, உயிருள்ள குழந்தையின் கையில் சுரக்கும் சில துளி வியர்வையில் காண முடிந்தது.

இதே ஆண்டுகளில் இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகளில் இந்நோய் வெள்ளையரின் நோய் என்றே அறியப்பட்டது. பாடநூல்கள் ஐரோப்பியக் கணக்கை மட்டுமே தந்தன. அங்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று. பிற இனங்களில் மிக அரிது. இந்தியாவிலிருந்து முதல் பதிவுகள் 1968இல் வந்தன. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பாக்கூ, குமார், வாலியா ஆகியோர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சில பதிவுகள் சேர்ந்தன. அவை நாட்டின் மருத்துவ எண்ணத்தை மாற்றவில்லை. அரிதான விதிவிலக்குகளாகவே வாசிக்கப்பட்டன.

இதற்குக் காரணம் மருத்துவர்களின் அறியாமை என்று முடிப்பது எளிது, நியாயமன்று. 1971இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளுள் 129 பேர் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தனர். வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டக்குறைவு ஆகியவை அந்த இறப்புகளின் பெருங்காரணங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு குழந்தையைக் கொல்லும் வழிகளும் இவையே. விடாத வயிற்றுப்போக்குடன் எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு ஊட்டக்குறைவு என்று எழுதுவதும், மாதக்கணக்கில் இருமும் சிறுவனுக்குக் காசநோய் மருந்து தொடங்குவதும் அந்தச் சூழலில் அறிவுக்கு ஒத்த முடிவுகள். பெரும்பாலான நேரங்களில் அவை சரியாகவும் இருந்தன. அரிய நோய் ஒன்று பெருநோய்களின் முகமூடியை அணிந்து அவற்றின் கூட்டத்தில் கலந்து நின்றது. ஐரோப்பாவில் தொற்றுநோய் இறப்புகள் குறைந்தபின் எஞ்சிய இறப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. இங்கு அந்த வெள்ளம் வடியவில்லை.

அதோடு ஒரு சுழற்சியும் இயங்கியது. நோய் இங்கில்லை என்பதால் வியர்வைச் சோதனைக்கான கருவியை மருத்துவமனைகள் வாங்கவில்லை. கருவி இல்லாததால் சோதனை நடைபெறவில்லை. சோதனை நடைபெறாததால் நோயாளி கண்டறியப்படவில்லை. கண்டறியப்படாததால் நோய் இங்கில்லை. இந்தச் சுழற்சியில் எந்தக் கண்ணியிலும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் முந்தையதை நேர்மையாக நம்பியது. அறிவியல் வரலாற்றில் ‘இல்லை’ என்ற கூற்றுக்கும் ‘பார்க்கப்படவில்லை’ என்ற கூற்றுக்கும் உள்ள இடைவெளிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

சுழற்சியின் ஒரு கண்ணி வெளிநாட்டில் அறுந்தது. துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களின் குழந்தைகள் அங்குள்ள மருத்துவமனைகளுக்குச் சென்றனர். அங்கே கருவி இருந்தது. சோதிக்கும் பழக்கமும் இருந்தது. 1974இல் பாகிஸ்தானியக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று குழந்தைகளிடம் நோய் இருப்பது பிரிட்டனில் பதிவாயிற்று. பின்னர் பிரிட்டனில் வாழும் தெற்காசியரிடையே 10,000 முதல் 12,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றும், அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரிடையே 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றும் மதிப்பீடுகள் வந்தன. குடிபெயர்ந்தவர்கள் தாய்நாட்டு மக்கள்தொகையின் சரியான மாதிரி அல்லர். எனவே இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த இயலாது. ஆனால் மரபணுவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. பிரிட்டனில் இக்குழந்தைகளிடம் இருந்த மரபணு, அவர்களுடைய பெற்றோர் விட்டு வந்த ஊர்களிலும் இருந்தே தீரும்.

வெயிலைப் பற்றிய வினாவையும் இங்கே மீண்டும் எழுப்ப வேண்டும். நியூயார்க்கில் ஒரு கோடையின் வெப்ப அலை இந்நோயின் மையக் குறியைக் காட்டிக்கொடுத்தது என்றால், ஒவ்வொரு பங்குனியும் சித்திரையும் வெப்ப அலையாகவே கழியும் நாட்டில் அது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நியூயார்க்கில் வெயிலில் மயங்கும் குழந்தை விதிவிலக்கு. அதனால் வினா எழுந்தது. இங்கு அது அன்றாடம். உப்பும் நீரும் இழந்து வந்த குழந்தைக்கு உப்புநீர் ஏற்றப்படுகிறது, அல்லது உப்புக்கஞ்சி தரப்படுகிறது. குழந்தை தேறிவிடுகிறது, வினா அத்துடன் முடிகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைக்கும் அந்த நேரத்துச் சிகிச்சை அதுவேயாதலால், சரியான சிகிச்சையே நோயறிதலை மறைத்துவிடுகிறது. குளோரைடும் சோடியமும் குறைந்து இரத்தம் காரத்தன்மை கொள்ளும் இந்த நிலை, இந்தியக் குழந்தைகளிடம் நோய் முதன்முதலாக வெளிப்படும் வழிகளுள் ஒன்றாகப் பின்னர் பதிவாயிற்று.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி இந்தச் சிக்கலை நிலவரைபடத்தில் வைத்துக் காட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இறுதியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் இந்நோயுடன் ஒரு குழந்தை பிறப்பதாகக் கொள்வோம். மலையின் குளிர்ச்சியில் வியர்வை குறைவு; உப்பிழப்பும் குறைவு. திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ சமவெளிக்கு இறங்கும்போது சோர்வும் வாந்தியும் வரும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் சொல்வர், தவறில்லை. மலைக்குத் திரும்பினால் இருமல் கூடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பர், அதிலும் வியப்பில்லை. விதுரா தாலுகா மருத்துவமனையில் ஒரு சளி மருந்து, நெடுமங்காட்டில் ஒரு மார்பு எக்ஸ்ரே, திருவனந்தபுரத்தில் ஒரு காசநோய்ச் சோதனை என ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு உறுப்பு பார்க்கப்படும். வயிறும் நுரையீரலும் வியர்வையும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று இணைத்துப் பார்க்க, மூன்றையும் ஒருவர் ஓரிடத்தில் கேட்க வேண்டும். இந்நோயின் அறிதல் கருவியைப் போலவே அந்த ஒரு கேள்வியையும் சார்ந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்ட நிறுவனங்களுள் முதன்மையானது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம். 1990களிலிருந்து எஸ்.கே. காப்ராவும் மதுலிகா காப்ராவும் அவர்களுடைய குழுவினரும் நோயாளிகளைத் திரட்டி எழுதினர். இறக்குமதிக் கருவியின் விலை தடையாக இருந்ததால், உள்நாட்டிலேயே உருவாக்கிய வியர்வை சேகரிப்பு முறையை 2002இல் வெளியிட்டனர். கருவி வந்தது, அதைத் தொடர்ந்து நோயாளிகளும் ‘தோன்றினர்’. தெற்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து அவர்களுடைய மரபணு விவரங்களைப் பதிவு செய்துள்ளது. நோய் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஆண்டு என ஒன்று இல்லை. தென்னிந்தியாவில் எண்ணத் தொடங்கிய ஆண்டுகள் மட்டுமே உண்டு.

இதற்கிடையில் நோயின் மரபணு கண்டறியப்பட்டிருந்தது. வியர்வை நாளத்தின் சுவர் குளோரைடைக் கடத்துவதில்லை என்பதை 1983இல் பால் குவின்டன் காட்டினார். அவரே இந்நோயுடன் பிறந்தவர். 1985இல் மரபணு ஏழாம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1989இல் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் அதைத் தனித்தெடுத்தன. அது வகுக்கும் புரதம் 1,480 அமினோ அமிலங்களால் ஆனது; செல்லின் மேற்பரப்பில் குளோரைடுக்கான வாயிலாக அமைவது. அதன் 508ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற ஒரேயோர் அமினோ அமிலம் விடுபட்டால் புரதம் சரியாக மடியாது. மேற்பரப்பை எட்டும் முன்பே செல் அதைச் சிதைத்துவிடும். ஐரோப்பிய மரபினரிடம் காணப்படும் பழுதான படிகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஒரு மாற்றமே.

இந்த எண் மருத்துவச் சோதனைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது. 2004இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி, சுமப்பவரைக் கண்டறிய 23 மாற்றங்கள் கொண்ட பட்டியலைப் பரிந்துரைத்தது. அமெரிக்க நோயாளிகளிடம் எவை மிகுதியோ அவையே பட்டியலில் இடம்பெற்றன. அந்த மக்களுக்கு அது பொருத்தமானது. ஆனால் இதே பட்டியலைக் கொண்டு இந்தியக் குழந்தையைச் சோதித்தால் ‘மாற்றம் இல்லை’ என்ற முடிவு வரக்கூடும். இந்திய நோயாளிகளிடம் 508ஆம் இட மாற்றத்தின் பங்கு ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், ஐரோப்பிய அளவில் பாதியைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் நிற்கிறது. எஞ்சியவை பலவகை. 1161ஆம் இடத்தில் ஓர் எழுத்து விடுபடும் மாற்றம் போன்ற சில, தெற்காசிய மரபினரிடமே குறிப்பாகக் காணப்படுவன. ஆக, நோய் இங்கில்லை என்ற பழைய தவறு, மரபணுச் சோதனையின் வழியே புதிய உருவில் திரும்ப வந்தது. 2006இல் தில்லி ஆய்வாளர்கள் 955 பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் 508ஆம் இட மாற்றத்தைத் தேடினர். நான்கு குழந்தைகள், அதாவது ஏறத்தாழ 238 பேருக்கு ஒருவர், அதைச் சுமந்தனர். ஒரே ஒரு மாற்றத்தைத் தேடியபோது கிடைத்த எண் இது.

தென்னிந்தியாவில் இந்நோயைப் பேசும்போது சொந்தத்தில் திருமணம் என்ற பொருளைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதைக் குற்றப்பத்திரிகையாக எழுதுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், தென்னிந்திய முறைமணங்களை மனித மரபியலின் முக்கிய ஆய்வுப்பொருளாக முன்வைத்தார். 1970களில் வேலூரைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் தமிழ்நாட்டில் விரிவான கணக்கெடுப்பை மேற்கொண்டனர். ஊர்ப்புறத் திருமணங்களுள் ஏறத்தாழ பாதி நெருங்கிய உறவுக்குள் நிகழ்ந்திருந்தன. கருவளத்திலும் கருச்சிதைவிலும் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை என்பதே அவர்களுடைய முடிவு. இதை ஆதரவாகக் கொண்டு முறைமணத்தால் தீங்கே இல்லை என்பாரும் உளர். இதைக் காணாதது போல் எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்பாரும் உளர்.

இரு கூற்றுகளையும் ஓர் எளிய கணக்கு நேராக்கும். 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற மதிப்பீட்டைக் கொண்டால், மக்களுள் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் நோய்க்கூற்றைச் சுமப்பவர். அப்படிச் சுமக்கும் ஒருவர் உறவல்லாத ஒருவரை மணந்தால், துணைவரும் சுமப்பவராக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. குழந்தைக்கு நோய் வர 400இல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் துணைவர் அதே படியைச் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. குழந்தைக்கு 32இல் ஒன்று. சுமப்பவரான தாய்மாமன் தன் அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று. குழந்தைக்கு 16இல் ஒன்று. இவை நோய்க்கூறு ஏற்கெனவே இருக்கும் குடும்பத்துக்கான எண்கள். 100 பேருள் 99 பேர் இந்த மரபணுவின் பழுதைச் சுமப்பதில்லை. இந்நோயைப் பொறுத்தவரை அவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. மக்கள்தொகையின் சராசரியில் சிறிதாகத் தெரியும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட வீட்டில் மிகப் பெரிதாக இருக்கலாம். சராசரியைக் கொண்டு அந்த வீட்டை அமைதிப்படுத்துவதும், அந்த வீட்டைக் கொண்டு ஊரையே அச்சுறுத்துவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். உறவல்லாத பெற்றோருக்கும் இந்நோயுடன் குழந்தைகள் பிறக்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வீட்டுக்குள் வேறொரு பயன் உண்டு. குழந்தை தேறாவிட்டால் தாயின் பாலைக் குறை சொல்வதும், நோய் வந்தால் அவள் பிறந்த வீட்டைக் குறை சொல்வதும் இச்சமூகத்தின் பழைய வழக்கம். ஒடுங்கு பண்பாக வரும் நோயில் அந்தப் பழிக்கு இடமே இல்லை. தந்தையிடமிருந்து ஒரு படியும் தாயிடமிருந்து ஒரு படியும் வராமல் நோய் வராது, பங்கு சரிபாதி. நோயைப் பரம்பரை என்று அறிவது பழியைப் பகிர்ந்தளிப்பதற்கன்று. எவரும் தேர்ந்தெடுக்காத ஒன்றில் பழி என்ற சொல்லுக்கே பொருளில்லை என்பதை உணர்வதற்கு.

இந்த அறிதலின் அவசரம் இப்போது கூடியிருக்கிறது. ஆண்டர்சன் எழுதிய காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே இறந்தனர். கணைய நொதி மாத்திரை, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், கூடுதல் உப்பு, சளியகற்றும் பயிற்சி, உரிய நேரத்தில் நுண்ணுயிர்க்கொல்லி என்ற எளிய தொகுப்பு அந்த ஆயுளைப் பல பத்தாண்டுகள் நீட்டியது. 2012இல் பழுதான புரதத்தையே சீர்செய்யும் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2019இல் மூன்று மருந்துகளின் கூட்டு வந்தது. இன்று அமெரிக்காவில் இந்நோயுடன் பிறக்கும் குழந்தை 60 வயதை எட்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. அந்தக் கூட்டு மருந்தின் பட்டியல் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அதன் உற்பத்திச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 டாலர் அளவிலேயே இருக்கக்கூடும் என்று 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2023இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் நோயாளர் தரப்பினர் காப்புரிமையை எதிர்த்துச் சட்ட வழிகளை நாடினர்.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சிகிச்சை உண்டு, ஆனால் செலவு மிக அதிகம் என்ற மூன்றாம் பிரிவில் அது இடம்பெற்றுள்ளது. கொள்கையின் கீழ் அமைந்த சிறப்பு மையங்களின் வரிசையில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் பின்னர் சேர்க்கப்பட்டன. 2024இல் கேரள அரசு அரிய நோய்களுக்கென ‘கேர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 1968இல் ஒரு நோயாளியைப் பற்றிய ஒரு கட்டுரையாக இருந்த நோய், அரசு ஆவணத்தில் ஒரு வரியாக ஆயிற்று. அந்த வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது.

ஆனால் மருந்தின் கதையிலும் பழைய வினா தொடர்கிறது. கூட்டு மருந்து முதன்மையாக 508ஆம் இட மாற்றத்தை நோக்கி வடிவமைக்கப்பட்டது. இந்திய நோயாளிகள் பலரிடம் இருப்பது வேறு மாற்றங்கள். அவற்றுள் எவை மருந்துக்கு இணங்கும், எவை இணங்கா என்பதை அறிய, முதலில் அவை எவை என்று தெரிய வேண்டும். அதற்கு நோயாளி பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதற்குக் குழந்தை கண்டறியப்பட வேண்டும். அதற்கு வியர்வைச் சோதனை நடைபெற வேண்டும். மருந்தின் விலை நாளை குறைந்தாலும், எண்ணப்படாத குழந்தையை அது சென்றடையாது.

‘அரிய நோய்’ என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் சொல் என்று கொள்கிறோம். இந்நோயின் இந்திய வரலாறு, அது எண்ணுபவரையும் குறிக்கும் சொல் எனக் காட்டுகிறது. ‘பரம்பரை’ என்ற சொல்லுக்கும் இதே நிலை. முன்னோர் எவருக்கும் நோய் இல்லாதிருந்தும் அவர்கள் வழியே வந்த ஒன்றைக் குறிக்க, அந்தச் சொல்லின் பொருளை நாம் விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் மருத்துவக் கல்வியில் இந்தப் பொருள்விரிவு நிகழ்வதும், ஒரு தாலுகா மருத்துவமனையில் தேறாத குழந்தையின் தாயிடம் “முத்தமிடும்போது உப்புக் கரிக்கிறதா?” என்று ஒருவர் கேட்பதும் தொடர்பற்ற செயல்கள் அல்ல. முதலாவது நிகழ்ந்தால்தான் இரண்டாவது நிகழும்.